பார்க்காதபோது ஒரு கப்

கேக் கடை கம்பவுண்டர் தலையில் விழுந்தது. கம்பவுண்டர் வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும், மாவைப் பார்த்தால் அவருக்கு மருந்துப் பொடியாகத்தான் தெரியும். கடைக்காரி அவர் மனைவி. அவள் வலது மணிக்கட்டில் அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. ஒன்றரை மாதம் கரண்டியைக்கூடத் தொடக் கூடாது. அதுவரை கடையைப் பூட்டினால், எதிர்வரிசையில் புதிதாக முளைத்தவன் வாடிக்கைகளை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவான்.

"நான் போடறேன் கேக்," என்றார் கம்பவுண்டர்.

"நீங்களா? வெந்நீர் வைக்கச் சொன்னா பாத்திரத்தைக் கருக்குற ஆளு!"

"உன் கப்புக் கணக்கை கிராமுக்கு மாத்திட்டா போதும். அப்புறம் கழுதைகூட கேக் போடும்."

"அதான் நீங்க போடறேன்னுட்டீங்களே."

தராசு வந்தது. அவள் கப்பில் மாவெடுத்து, கத்தி முதுகால் சீராக வழித்து வைத்தாள். நூற்றிருபது கிராம். கேக்குக்கு இரண்டு கப். அப்படியே நிறுத்து அவர் போட்ட கேக் நடுவில் குழிந்துபோனது. அதில் தண்ணீர் விட்டால் மீன் வளர்க்கலாம்.

மறுநாள் காலை கதவிடுக்கில் நின்று பார்த்தார். அவள் கப்பை டப்பாவுக்குள் குத்தினாள், உலுக்கினாள், விளிம்பில் தட்டினாள். மேலே மலைபோல் இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். கத்தியையே காணோம்! தராசுக்கு முன்னால் மட்டும், போட்டோ எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கிறவர்களைப் போல அடக்கமாக இருந்திருக்கிறாள்.

சொன்னால் மறுபடி வழிப்பாள். ஆகவே அவள் வருவதற்கு முன் மாவு டப்பாவை நிறுத்தார். அவள் முதல் கேக்கைப் போட்டபின் மறுபடி நிறுத்தார். முந்நூறு கிராம் குறைந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர் தரையிலிருந்து ஒரு சாண் மேலேயே நடந்தார். அடுத்த நாள் முந்நூற்று நாற்பது! யோசித்தார். அன்று காலை ஈரத்துண்டை மெத்தையில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. மகள் போன் செய்த நாளில் இருநூற்றுத் தொண்ணூறு.

டாக்டர் சீட்டில் ஒரு மருந்துக்கு ஒரே எடை. இந்தக் கைக்கோ நாளுக்கு ஒன்று. ஆனாலும் எல்லா நாளும் கேக் விற்றுப்போயிருக்கிறது. வெகுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, சண்டையும் போனும் இல்லாத நாளின் முந்நூறையே எடுத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை முடிந்தது. கட்டுப்போட்ட கையோடு அவள் உள்ளறையில் படுத்திருக்க, கம்பவுண்டர் கடையைத் திறந்தார். தினமும் வரும் டீச்சர் ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"அக்காவுக்குக் கை சரியாயிடுச்சா? அதுக்குள்ளயா!"

கம்பவுண்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினார். "கேட்டியா? நீ போட்டதுன்னே நினைச்சுட்டாங்க!"

"கேட்டுது, கேட்டுது." அவள் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடை பிழைத்ததில் அவளுக்கும் நிம்மதிதான். ஆனாலும் முகம் ஏனோ மலரவில்லை.

"என்னங்க."

"ம்?"

"நாளைக்கு ஒரு பத்து கிராம் கூடப் போடுங்க."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"நான் இல்லாம இவ்ளோ நல்லா இருக்கக் கூடாது."

ஆயுள் முழுக்க ஒரு சிட்டிகை கூடக்குறையப் போட்டறியாத கம்பவுண்டர், மறுநாள் முந்நூற்றுப்பத்து போட்டார்.