ஒரே குவியல்

மூன்று மணித்தியாலம். அதற்கு மேல் ஸப்ரானின் வயிறு வெறுமையாக இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும்; பிறகு அவனை எழுப்ப முடியாது.

விடியற்காலை ஐந்தரைக்கு ஊட்டிவிட்டுத்தான் ஜுனைதா உப்புப் பாத்திக்குள் இறங்கினாள். தண்ணீரில் கரைத்த பச்சைச் சோளமாவை, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் மெல்ல ஏற்ற வேண்டும். அதுதான் ஊட்டல். அவளுடைய மகன் ஸப்ரானுக்கு நாலு வயது. அவனுடைய ஈரல் சீனியைச் சேர்த்து வைக்கும், திருப்பித் தராது. பிறவிக் கோளாறு. கொழும்பில் ஈரல் மாற்ற வேண்டும். அதற்கு முதலில் பிள்ளையின் உடல் நிறை ஏற வேண்டும். போன கிளினிக்கில் நிறை குறைந்திருந்தது. ஒப்பரேசன் திகதி இரண்டாம் தடவையும் தள்ளிப்போனது.

உப்புப் பொருக்கு கால்விரல் இடுக்குகளை அறுத்தது. பலகையால் வாரி வாரி வரம்பில் ஏற்றினார்கள். இருவருக்கு ஒரு பாத்தி. ஒருத்தி விலகினால் இருவரின் குவியலும் சிறுக்கும். ஜுனைதாவின் சோடி அக்னஸ், வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவள். ஸப்ரான் படுத்திருக்கும், வரம்போரத்துத் தென்னங்கிடுகுக் கொட்டிலுக்கு ஜுனைதா ஓடும்போதெல்லாம் அவளுடைய பங்கையும் சேர்த்து வாருவாள்.

அன்று முதலாளி நெய்னார் வரம்பிலேயே நின்றார். வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன் உப்பு முழுவதும் ஏறியாக வேண்டும், மதியத்துக்கு முன் பாத்தியை விட்டு ஏறுகிற சோடிக்கு நாளையிலிருந்து வேலையில்லை என்றார்.

எட்டரைக்கு ஜுனைதா பலகையை வைத்தாள்.

"எங்க போற?"

"மகனுக்குக் குடுக்கோணும், முதலாளி."

"உன்ட குவியலப் பாரு. பூனை மண் கிளறின மாதிரி."

அக்னஸ் பலகையைத் திருப்பினாள். தங்கள் குவியலைப் பக்கத்துக் குவியலோடு தள்ளிச் சேர்த்தாள். பக்கத்துப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்த மஹ்மூதா தன்னுடையதையும் அதில் தள்ளினாள். பிறகு அதற்கடுத்த பாத்தியின் பாக்கியம்மா. வரம்பில் இருந்ததெல்லாம் ஒரே குவியலாயிற்று.

"ஆர்ட உப்பு எதெண்டு பிரிச்சுப் பாருங்க, முதலாளி," என்றாள் அக்னஸ். "வேலையால நிப்பாட்டுறதெண்டா எங்க எல்லாரையும் நிப்பாட்டுங்க. மழைக்கு முந்தி நீங்களே உப்ப வாரி ஏத்தலாம்." பிறகு திரும்பி, "நீ போ புள்ள," என்றாள்.

குடிதண்ணீரில் கையின் உப்பைக் கழுவி, ஊட்டி முடித்து, குழாயைத் தண்ணீர்விட்டுச் சுத்தம் செய்துவிட்டு ஜுனைதா திரும்பியபோது ஒரு பலகையும் அசையவில்லை. முதல் தூறல் விழுந்தது.

நெய்னார் குரலைத் தணித்தார். இன்றைக்கு விடுகிறாராம். ஆனால் ஒப்பரேசன் முடிந்த மறு வாரமே அவள் பாத்தியில் நிற்க வேண்டும். "வெட்டுறது பிள்ளையத்தானே. உனக்கென்ன?"

மாதக்கணக்கில் பாரம் தூக்க முடியாதவளுக்கு எந்த உப்பளத்தில் இடம்? அந்தப் பயத்தில் அக்னஸிடம்கூட ஜுனைதா சொல்லாமல் வைத்திருந்தாள். இப்போது அக்னஸின் ஈரக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"என்னையும்தான் வெட்டுவாங்க, முதலாளி," என்றாள் ஜுனைதா. "அவனுக்கு வைக்கப்போறது என்ட ஈரல்ல ஒரு துண்டு."