ஒற்றைக்கண் விரால்

சின்னப் பிள்ளைகளை மீன் பிடிக்க அழைத்துப் போகிறேன் என்று எவனாவது சிரித்த முகத்தோடு சொன்னால், அவன் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். போய் வந்தவன் முகத்தில் சிரிப்பு இருக்காது. சட்டையில் மண்புழு இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வழி இல்லை. ஐஸ் ஃபேக்டரியில் இரவு வேலை முடித்து, விரல் எல்லாம் மரத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி ஜியாப் முன்னறையில் ஃபேனுக்குக் கீழே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மார்பில் அறுவை செய்து, அப்புறம் மாதக்கணக்கில் மருந்து ஏற்றி, இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. நோய் போய்விட்டதா, உள்ளே எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மறுநாள் திங்கட்கிழமை டாக்டர் சொல்லப்போகிறார். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏங்க, கொஞ்ச நேரம் சத்தமில்லாம கிடந்தா போதும்ங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் சத்தம் என்பது இரண்டு பேர். மூத்தவள் மலிக்கு ஏழு வயது. அவள் சத்தம் போடுகிற ரகம் இல்லை, கேள்வி கேட்கிற ரகம். அதற்குச் சத்தமே தேவலை. இளையவன் தியானுக்கு நான்கு வயது. அம்மாவின் உடம்புக்குள் டாக்டர் சின்னச் சின்ன உலோகக் கிளிப்புகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார் என்று யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த வாத்துக் காந்தத்தை எடுத்துவந்து அவள் மேல் வைத்துப் பார்த்தவன். ஒட்டவில்லை என்று அழுதான். ஜியாப் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

தியானை மோட்டார் சைக்கிளின் முன்னால் நிற்க வைத்து, தூண்டில்களையும் வாளியையும் மலியின் கையில் கொடுத்துப் பின்னால் உட்கார வைத்து, எங்கள் ஊரை ஒட்டி ஓடும் தா சீன் ஆற்றுக்கு வண்டியை விட்டேன்.

நல்ல தூண்டில்காரன் எவனும் அந்த இடத்துக்குப் போகமாட்டான். புத்தர் கோவில் படித்துறையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆறு வளைகிற இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. படித்துறைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள மீன்களை யாரும் தொடக்கூடாது. எங்கள் ஊரில் பிறந்தநாள், நோய், வழக்கு, பரீட்சை எது வந்தாலும் சந்தையில் உயிர்மீன் வாங்கி அந்தப் படித்துறையில் விடுவோம். ஓர் உயிரை விடுவித்தால் நம் உயிருக்குப் புண்ணியம். அந்த மீன்கள் பக்தர்கள் போடுகிற ரொட்டியைத் தின்று தலையணை மாதிரி ஊதிப்போகும். ஆனால் மீனுக்குப் படிக்கத் தெரியாது, பலகையைத் தாண்டி நீந்தி வந்துவிடும். தாண்டிய இடத்தில் எங்கள் ஊர் ஆண்கள் வரிசையாகத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பாவம் பலகை வரைக்கும்தான் என்பது எங்கள் கணக்கு. அவர்களைப் பார்த்து நானே முகம் சுளித்திருக்கிறேன். அன்று எனக்குத் தூக்கம் வந்தது. சீக்கிரம் ஒன்று கடித்தால் பிள்ளைகளுக்கு ஆசை தீரும், நானும் மரத்தடியில் சாயலாம் என்று பலகைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாயை விரித்தேன்.

பக்கத்தில் பிரசோங் உட்கார்ந்திருந்தான். பேருந்து ஓட்டுகிறவன், தொப்பையும் வாயும் பெரிது.

"என்னடா ஓட், குடும்பத்தோட வேட்டையா? மீன் பிடிக்க வந்தியா, புள்ள மேய்க்க வந்தியா?" என்று என்னைப் பேர் சொல்லி வம்புக்கு இழுத்தான்.

"ரெண்டும்தான் அண்ணே. ரெண்டும் உருப்படாது."

அதுதான் நடந்தது. தியான் ஒரு புழுவுக்குப் பெயர் வைத்தான். பெயர் வைத்த புழுவைத் தூண்டில் முள்ளில் குத்தக்கூடாது என்று அழுதான். பெயர் வைக்காத புழுக்களை டப்பாவோடு ஆற்றில் கொட்டினான். மலியின் தூண்டில் நரம்பு மரக்கிளையில் சிக்கியது, அதை எடுத்து வருவதற்குள் தியானின் நரம்பு அவன் காலில் சுற்றியது. இந்த மாதிரிப் பயணங்களில் நான் ஒரு நாளும் மீன் பிடித்ததில்லை. சிக்கு எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். கையால் உருட்டித் தின்கிற ஒட்டுச் சோற்றையும் சுட்ட பன்றி இறைச்சிக் குச்சிகளையும் பிரித்துக் கொடுத்தேன். பாதி தின்றார்கள்.

"அப்பா, ஒண்ணுக்கு" என்றான் தியான்.

"இப்பத்தானேடா போன!"

"அது வேற ஒண்ணுக்கு."

போய்விட்டு வந்தோம். மலி தண்ணீரில் மிதந்த தக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நாளைக்கு டாக்டர் என்ன சொல்வாரு?"

"நல்லதுதான் சொல்வாரு."

"நல்லதுன்னா இன்னைக்கே ஃபோன் பண்ணிச் சொல்லலாம்ல?"

"தக்கையைப் பாரு, முங்கினா அப்பாவை எழுப்பு" என்று சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தேன். கண்ணை மூடியதுதான் தெரியும்.

என் வயிற்றின் மேல் தியான் குதித்துத்தான் விழித்தேன். "அப்பா! அக்கா தக்கை காணாமப் போயி ரொம்ப நேரமாச்சு!"

மலி இரண்டு கையாலும் தூண்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்தபடி நின்றாள்.

"ஏன்டி எழுப்பல?"

"நீங்க தூங்கினீங்க" என்றாள். யாரையும் எழுப்பக்கூடாது என்று இந்த வருடம் முழுக்க அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான்.

இருவரும் சேர்ந்து இழுத்தோம். என் முன்னங்கைத் தடிமனுக்கு ஒரு விரால் வந்து புல்லில் விழுந்து துள்ளியது. பிரசோங் எழுந்தே நின்றுவிட்டான்.

"அடேயப்பா! ஓட், இன்னைக்கு உன் வீட்டுல விரால் சூப்புடா! அறுத்த புண்ணு ஆற இதுக்கு மேல மருந்து ஏது? உன் பொண்டாட்டிக்குன்னே வந்திருக்கு பாரு!"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தக் கணமே எலுமிச்சைப் புல் மணத்தது. கொதிக்கக் கொதிக்க ஒரு கிண்ணம், அதில் இரண்டு வாய் அவள் குடித்தாலும் போதும் என்று மனம் குதித்தது. மீனைத் திருப்பிப் பிடித்தேன்.

மலி அலறினாள்.

மீனின் ஒரு கண் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாக இருந்தது.

அறுவைக்கு முன்னால் நாங்களும் மீன் விட்டோம். சந்தையில் வெட்டுவதற்காகத் தொட்டியில் போட்டிருந்த விரால்களில் பளபளவென்று ஒன்றை நான் காட்டினேன். மலி ஒல்லியாக, ஒரு கண் வெளுத்துக் கிடந்த ஒன்றைக் காட்டினாள். "அதை யாரும் விட மாட்டாங்கப்பா" என்றாள். படித்துறையில் பையை அவிழ்க்கும்போது ஜியாப் விளையாட்டாக அந்த மீனிடம், "போடா, நீ பொழைச்சா நானும் பொழைப்பேன்" என்றாள். நாங்கள் சிரித்தோம். மலி சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை அவள் இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தாள்.

"அம்மா மீனு. அப்பா, இது அம்மா மீனு."

"ஆத்துல கண்ணு தெரியாத மீனு எவ்வளவோ இருக்கும்மா."

"வாலைப் பாருங்க."

வாலில் எலி கடித்தது போல ஒரு வெட்டு. அதுவும் எனக்கு நினைவிருந்தது. இதையெல்லாம் பெரிதாக நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் அந்த மீனை மறுபடி புல்லில் போட எனக்கு மனம் வரவில்லை.

வாயைத் திறந்து பார்த்தேன். முள் தெரியவே இல்லை, நரம்பு மட்டும் தொண்டைக்குள் போனது. கடித்த உடனே இழுத்திருந்தால் உதட்டோடு போயிருக்கும். நான் தூங்கிய நேரம் முழுக்க அது விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

"இழுத்துடுடா, குடலோட வந்துடும். எப்படியும் சூப்புதானே?" என்றான் பிரசோங்.

மலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இழுக்காதீங்கப்பா. செத்துடும்ப்பா. செத்துட்டா..."

"மேல சொல்லாதே" என்றேன். எனக்கே அதைக் கேட்கத் தெம்பு இல்லை.

நகவெட்டியால் நரம்பை வாயோரமாக வெட்டினேன். முள் உள்ளே இருந்தால் இருக்கட்டும், இழுத்தால் நிச்சயம் சாவு. மீனை ஆற்றுத் தண்ணீரோடு வாளியில் போட்டு, தட்டால் மூடி, தூண்டில்களையும் சோற்றுப் பையையும் மலியின் கையில் கொடுத்து, தியானை அதன் மேல் கையை வைக்கச் சொல்லி, கோவில் படித்துறைக்கு வண்டியை விரட்டினேன். பிரசோங் பின்னாலிருந்து, "சூப்பு போகுதேடா!" என்று கத்தினான்.

படித்துறையில் மீனுக்கு ரொட்டி விற்கிற தாங்மோ அக்கா எங்கள் வாளியைப் பார்த்ததும் துடைப்பத்தோடு வந்தாள்.

"யாருடா அது, கோவில் மீனைத் தூக்கிட்டுப் போறது? நாசமாப் போறவனே, புள்ளைங்களை வேற கூட்டிட்டு வந்திருக்கான்!"

"தூக்கிட்டுப் போகல அக்கா, விட வந்திருக்கேன்."

"விட வந்தவனுக்கு எதுக்குடா தூண்டில்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நேரமில்லை, வாளியைத் தண்ணீரில் சாய்த்தேன். விரால் வெளியே வந்தது, பக்கவாட்டில் சாய்ந்தது, வயிறு வெளுப்பாகத் தெரிய அப்படியே மிதந்தது. கெளுத்திகள் ரொட்டி என்று நினைத்து அதை முட்டின. மலி அழவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, அம்மாவுக்கு அறுவை நடந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் நின்ற மாதிரியே நின்றாள்.

செருப்போடும் கால்சட்டைப் பையில் ஃபோனோடும் நான் படியிறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மீனை இரண்டு கையிலும் நிமிர்த்திப் பிடித்து, தலையை ஓட்டத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். செவுள் மெல்லத் திறந்து மூடியது. கெளுத்திகள் என் தொடையில் இடித்தன. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, கண் தானாகச் சொருகியது. நின்றபடியே தூங்கிவிடுவேன் போலிருந்தது. புத்தரைக் கும்பிட எனக்கு அப்போது தோன்றவில்லை. மீனிடம்தான் கெஞ்சினேன். "போடா. நாளைக்கு ஒரு நாள் தாண்டிடுடா. அப்புறம் உன் இஷ்டம்" என்று சத்தமாகவே சொன்னேன். தாங்மோ அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

திடீரென்று என் கையில் ஓர் அடி விழுந்தது. கை காலியாக இருந்தது.

"நீந்திச்சா, முங்கிச்சா?" என்று கேட்டாள் மலி.

"நீந்திச்சு."

"பார்த்தீங்களா?"

கலங்கல் தண்ணீரில் என்னத்தைப் பார்ப்பது? "கையில தெரிஞ்சுது" என்றேன். அவள் என் கையை வெகுநேரம் பார்த்தாள்.

வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது, நாளை முடியட்டும், அப்புறம் சொல்லலாம். தியான் தலை கழன்று விழும்படி ஆட்டினான். வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் இறங்கி ஓடினான்.

"அம்மா! உன் மீனைப் பிடிச்சோம்!"

ஜியாப் எழுந்து உட்கார்ந்தாள். "எந்த மீனு?"

நான் நனைந்த கால்சட்டையோடு வாசலில் நின்றேன். மலிதான் உடைந்தாள். படித்துறையில் வராத அழுகை எல்லாம் இப்போது வந்தது. "முள்ளு உள்ளேயே இருக்கும்மா. அப்பா தூங்கினாரு, நான் எழுப்பல. ஒத்தக்கண்ணு மீனும்மா. என்னாலதான் முழுங்கிடுச்சு."

ஜியாப் என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தலையை ஆட்டினேன்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"என் கைத் தண்டி இருந்துச்சு."

"நாம விட்டப்ப குச்சி மாதிரி இருந்துச்சேங்க!"

"நல்லாத் தின்னு கொழுத்திருக்கு."

"ஒத்தக்கண்ணை வச்சுக்கிட்டா?"

"ஒத்தக்கண்ணை வச்சுக்கிட்டுதான்."

அவள் மலியை இழுத்து, வலிக்காத பக்கமாக அணைத்துக்கொண்டாள்.

"முள்ளு உள்ள இருந்தா என்னடி? எனக்குள்ளகூடத்தான் நாலஞ்சு கிளிப்பு கிடக்கு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"மீனு மேல காந்தம் ஒட்டுமாம்மா?" என்றான் தியான்.

அவள் தையல் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாளை திங்கட்கிழமைதான், அதில் ஒன்றும் மாறவில்லை. எனக்கு உடம்பெல்லாம் வலித்தது.

"அந்தப் பையில என்னங்க?"

"சோறு. புள்ளைங்க தின்னது போக மிச்சம். ஆறிப்போச்சு."

"குடுங்க."

பையைப் பிரித்து ஒட்டுச் சோற்றில் கொஞ்சம் கிள்ளி, விரலால் உருட்டி, வாயில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் மென்றாள். நாங்கள் மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது இறங்கியது.

"கொழுத்திருக்காம்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இன்னொரு உருண்டை கிள்ளினாள்.