ஹாரனுக்குள் போன குரல்

ஹாரனை மாட்டிய அன்றைக்கு மீட்டர்காரரின் குரல் தொண்டையை விட்டு இறங்கி ஹாரனுக்குள் போய்விட்டது. பால் விலை ஏறியது அதற்கு அடுத்த வாரம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிற வேலை அவருக்கு. அதனால் தெருவுக்கே அவர் மீட்டர்காரர்தான். ஹாரன் மாட்டிய அன்றைக்குச் சாயங்காலம் வாசல் ஷெட்டில் நின்ற பழைய காருக்குள் உட்கார்ந்து, புதிதாகப் பொருத்திய ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். "இந்தாம்மா" என்றது ஹாரன். கல்யாணமான நாளிலிருந்து பெண்சாதியை அவர் கூப்பிடுகிற அதே இழுப்பு, அதே கரகரப்பு. உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் தையல்காரி, "வரேன், வரேன், கைவேலையா இருக்கேன்ல" என்று வழக்கம் போல முனகிக்கொண்டே வெளியே வந்தாள். காரை விட்டு இறங்கிய மனுஷன் மெல்லிய, கிராம்புத் தைல வாசம் அடிக்கிற ஒரு குரலில், "மன்னிக்கணும்மா, உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன்" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அவளை நீங்க என்று சொன்னதும் கிடையாது, மன்னிப்புக் கேட்டதும் கிடையாது. தையல்காரி வாயில் கவ்வியிருந்த குண்டூசி கீழே விழுந்தது.

கார் வந்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆயுசு முழுக்க நடந்தே மீட்டர் படித்தவருக்கு, ஒரு நாளாவது உட்கார்ந்து போக வேண்டும் என்று ஆசை. பழைய இரும்புக் கடையில் துருவைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லாமல் நின்ற ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த அவர் தங்கை, "ஏண்ணே, கோழி வளக்கப் போறியா?" என்று கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நட்டாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பெண்சாதி வெட்டிப்போட்ட துண்டுத் துணியால் துடைத்து, முன் அறையில் பழைய போர்வையை விரித்துப் பரப்பினார். சமையலறைக்குப் போக வேண்டுமானால் கியர்பாக்ஸைத் தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டும். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் பம்பர் மேல் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். ரேடியேட்டர் ஒரு வருஷத்தைத் தின்றது, இஞ்சின் நாலு வருஷத்தைத் தின்றது. இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் மனுஷனுக்கு எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். அந்த வண்டி பிறந்தபோது என்ன இருந்ததோ அதுவேதான் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடி வாங்கினார். ஒடுக்கு எடுக்க வந்த டிங்கர்காரர், "உள்ள மறைஞ்சு கெடக்கற நட்டு சார் அது, யாரு பாக்கப் போறா?" என்று கேட்டதற்கு, "வண்டி பாக்கும்யா" என்றார்.

வண்டியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஹெட்லைட் கண்ணாடி மாட்டிய வாரம் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கண் இரண்டும் சாம்பல் நிறமாகிவிட்டன. "எங்க பெரியப்பா வழியில சாம்பல் கண்ணு உண்டு, அண்ணி" என்றாள் நாத்தனார். ஸ்டியரிங் ஏறியதும் அவருடைய கட்டையான விரல்கள் நீண்டு, மெலிந்து, நகம் சுத்தமாகி, டம்ளரைக்கூட ஏதோ நுணுக்கமான கருவியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தன. வேலை செய்கிற கை அப்படித்தான் மாறும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். குரல் போனதும்தான் நாத்தனாரே அண்ணன் நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கண்ணன் வாயிலேர்ந்து நீங்க வாங்கன்னு வருது. நீ வாங்கிட்டு வந்த வரம் அண்ணி, அனுபவி" என்றாள். "எனக்கு மரியாதை வேண்டாம். என் வீட்டுக்காரர்தான் வேணும்" என்றாள் தையல்காரி.

அந்தக் குரல் யாருடையது என்று சொன்னவர் டிங்கர்காரர். மீட்டர்காரர் திண்டில் சாய்ந்து மதியத் தூக்கம் போடும்போது, "இன்னும் கொஞ்சம் பெரிசாத் தொறங்க, வலிக்காது" என்று உளறினார். அதைக் கேட்ட டிங்கர்காரர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். சின்ன வயதில் அவருக்குக் கடவாய்ப்பல் பிடுங்கிய டாக்டரின் குரலாம் அது. வண்டியும் அந்தப் பல் டாக்டருடையதுதான். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்தில், "இதோ வந்துடறேன்" என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தவர் திரும்பவில்லை. முன்சக்கரம் இரண்டும் ஏரித் தண்ணீருக்குள் கிடக்க, நாலு கதவும் உள்பக்கம் பூட்டியபடி கார் மட்டும் கிடைத்தது. உள்ளே ஆளும் இல்லை, சாவியும் இல்லை. ஏரியில் ஆள் இறங்கித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. "எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்னாரே அக்கா, ஓட்டற ஆளையும் சேத்துத்தான்னு வண்டி எடுத்துக்கிச்சு" என்றார் டிங்கர்காரர். சுத்தியலைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனவர் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

மிச்சம் இருந்தது இரண்டே சங்கதி, சீட்டும் சாவியும். அதுவும் சேர்ந்துவிட்டால் வண்டி விட்ட இடத்திலிருந்து பயணத்தைத் தொடரும், போகிறவர் திரும்ப மாட்டார் என்று தையல்காரிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் பேச்சைக் கேட்டுச் சக்கரத்து நட்டு ஒன்றைக் கழற்றிச் சாக்கடையில் எறிந்தாள்; காலையில் அது எண்ணெய் தடவின பளபளப்போடு பழைய இடத்திலேயே இருந்தது. தன்னுடையது எங்கே போனாலும் வண்டி கூப்பிட்டு வைத்துக்கொள்கிறது, எடுத்துப் பிரயோஜனம் இல்லை, அதனுடையது அல்லாத ஒன்றை உள்ளே வைத்தால்தான் உண்டு என்று அவளுக்குப் புரிந்தது. அவள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்குத் தைத்தாலும் உள்பக்கம் இரண்டு விரல் துணி மடித்து விட்டுத்தான் தைப்பாள். "ஒட்ட வெட்டித் தெச்சா உடம்பு பெருத்ததும் கிழிச்சுத்தான் போடணும். உள்ள துணி இருந்தா பிரிச்சு மீட்டுக்கலாம்" என்பாள்.

சீட்டுக்கு அடைக்கிற குதிரை முடி மூட்டையாக வந்து இறங்கியது. கார்க் கம்பெனிக்காரன் அந்தக் காலத்தில் அதைத்தான் அடைத்தானாம். "பழைய மாதிரியே இருக்கணும்மா, நீங்க தச்சா நல்லா வரும்" என்று கிராம்புத் தைலக் குரல் கேட்டுக்கொண்டது. பக்கத்து சீட்டுக்கு முடியை நிறைக்க அடைத்துத் தைத்தாள். ஓட்டுகிறவர் சீட்டைத் தைக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டாள். வெயிலில் நடந்து நடந்து காலர் நைந்துபோன மீட்டர்காரரின் காக்கிச் சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருட்டி அடியில் அடைத்தாள். அதில் ஒன்று துவைக்காதது, வேண்டுமென்றேதான் துவைக்கவில்லை. மேலாக மட்டும் குதிரை முடியைப் பரப்பித் தோலை இழுத்துத் தைத்து மூடினாள். சாம்பல் கண்காரர் நீள விரலால் அமுக்கிப் பார்த்தார், குனிந்து மோந்து பார்த்தார். மறுபடியும் ஒரு முறை அமுக்கினார். "பொன்னான கைம்மா உங்களுக்கு" என்றார் கடைசியில். தையல்காரி ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

சாவி தண்ணீர் வழியாக வந்தது. வீட்டு மீட்டர் முள் திடீரென்று நின்றுவிட, அவர் மூடியைத் திறந்தார். உள்ளே பச்சைப் பாசி சுற்றிய சாவி அடைத்துக்கொண்டு கிடந்தது. நல்ல மத்தியானம். தையல்காரி தட்டுப் போட்டிருந்தாள். அவர் தலையைப் படிய வாரிக்கொண்டு, "இதோ வந்துடறேன்" என்றார். "எங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவருக்கு விளங்கவே இல்லை என்பது சாம்பல் கண்ணில் தெரிந்தது. வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் தெருவைக் கடந்து போனது.

கொஞ்ச நேரத்தில் தெருவில் இருந்த மீட்டர் எல்லாம் பின்பக்கமாகச் சுற்றின. அடைத்து வைத்த குழாய்கள் தாமாகத் திறந்து சேறு கலந்த தண்ணீரைக் கொட்டின. தையல்காரி வீட்டுச் சமையலறைக் குழாய் தண்ணீரோடு சேர்த்து, அடி ஆழத்திலிருந்து வருகிற மாதிரி, "இந்தாம்மா" என்றது. சத்தம் கேட்டு ஓடி வந்த நாத்தனார் வாசல் தூணைக் கட்டிக்கொண்டாள். குழாய் மறுபடியும், "இந்தாம்மா" என்றது. குரல் இப்போது தேய்ந்திருந்தது. தையல்காரி குனிந்து குழாய் வாயில் வாயை வைத்து, தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்: "நான் கைவேலையா இருக்கேன். நீங்களே எந்திரிச்சு வாங்க! உக்காந்திருக்கறது உங்க சட்டை மேலதான்!"

குழாய் நின்றுவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஜன்னல் மட்டம் வரை சேறு அப்பிய வண்டி ஷெட்டுக்குள் வந்து நின்றது. இறங்கினவர் வாசல்படி தெரியாமல் இடறி விழப் பார்த்தார். அதைப் பார்த்ததுமே தையல்காரி ஓடிப்போய் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து மாட்டிவிட்டாள். கண் பழைய பழுப்பு, விரல் பழைய கட்டை. தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். சீட்டில் பட்ட முதுகும் உட்காருகிற இடமும் மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த துணி மாதிரி காய்ந்திருந்தன. பக்கத்து சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்த குழி இருந்தது, குழி நிறைய ஏரித் தண்ணீர் இருந்தது. அவர் வாயைத் திறந்து, "ரொம்பப் பசிக்குதும்மா, சாப்பாடு இருக்குங்களா?" என்றார். கிராம்புத் தைல வாசம் அப்படியே இருந்தது. நாத்தனார் அழுதாள். "பிரிச்சு மீட்டாலும் பழைய தையல் தடம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரி தட்டை வைத்தாள்.

வண்டி இப்போதும் ஓடுகிறது. வாராவாரம் ஆயில் பார்க்கிறார், காற்றுப் பார்க்கிறார், க்ரோமியத்தைத் துடைக்கிறார். பக்கத்து சீட்டுத் தண்ணீரைத் தினமும் ஒரு பழந்துணியால் ஒற்றி எடுத்து வாளியில் பிழிகிறார். மறுநாள் அது ஊறியிருக்கும். பல்வலி என்று யார் சொன்னாலும் எந்தப் பல் என்று மீட்டர் படித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார், அது சரியாகவும் இருக்கிறது. பெண்சாதியிடம் வெறும் பேச்சுப் பேச அந்தக் குரல் போதும். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்ச் சீட்டில் உட்கார்ந்து ஹாரனைத் தட்டுகிறார். "இந்தாம்மா" என்கிறது அது. "வரேன், வரேன், ஊரைக் கூட்டாதீங்க" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. பக்கத்து வீட்டு நாத்தனார் அந்தச் சத்தம் கேட்டுத்தான் அடுப்பில் உலை வைக்கிறாள்.