தெருவைப் பார்த்த குழாய்

"ஊர்ல கிழக்கு இருக்கு, மேற்கு இருக்கு, ஆள் நடமாட்டமே இல்லாத மைதானம் இருக்கு. அந்த ஸ்பீக்கர் குழாயை நம்ம தெருவைப் பாத்துத்தான் திருப்பணுமா? சொல்லுங்க!"

"கத்தாதே. ஜன்னல் திறந்திருக்கு."

"நேத்து உங்க குழாய் கத்துனதை விடவா நான் கத்திட்டேன்? தெரு பூரா காது குளிரக் கேட்டாச்சு. இனிமே ஜன்னலைச் சாத்தி எதைக் காப்பாத்தப் போறீங்க?"

ஜன்னல் நன்றாகவே திறந்திருந்தது. எதிர்மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் உலர்ந்த துணியையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தார்கள். பின்னே, ஹலோ வீட்டுச் சண்டை என்றால் சும்மாவா? ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விடுகிறவர், வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைப்பார். அந்த வீட்டுக் கதை இப்படித் தானாக வெளியே வந்து விழும் நாள் மறுபடி எப்போது கிடைக்குமோ.

அவரிடம் மைக்செட் இருக்கிறது. கூட்டம் தொடங்கும் முன் மேடையேறி "ஹலோ, ஹலோ" என்று சோதித்துப் பார்ப்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவரும் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் போதும், அவர் யார், எங்கே போய்க் கும்பிடுகிற கூட்டம் என்று எதிரே நிற்பவருக்குத் தெரிந்துவிடும். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் அந்த ஆட்கள்தான். மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே செத்தும், "உங்களுக்கு எந்த ஊரு?" என்று அவர்களைக் கேட்பதை ஊர்க்காரர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

இப்படிப்பட்ட தெருவில் பிறந்த ஹலோ, கட்டுப்பாட்டுக் கட்சிக்காரர். கட்சிக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. குடும்பம், ஒழுக்கம், உழைப்பு, எல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்று பேசுகிற கட்சி. ஹலோ அதற்கென்றே செய்து இறக்கிய மனுஷர். விடிவதற்குள் எழுந்து குளித்துவிடுவார். இலவசமாக யார் எதை நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பெரியவர்கள் முன்னால் ஒரு பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த மேடையில் பேசுகிறவர்கள் தன் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் பேசுகிறார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். "நீ நம்ம ஆளா, அவங்க ஆளா?" என்று தெருவில் கிண்டல் செய்தால், "ரெண்டும்தான். ஏன், இருக்கக் கூடாதா?" என்பார்.

இருக்கக் கூடாது என்று முந்தின நாள் சாயங்காலம்தான் தெரிந்தது.

அன்று நடந்த கட்சிக் கூட்டத்தின் முடிவில் நன்றி சொல்லும்போது அவர் பெயரையும் சொல்வதாகச் செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பெண்டாட்டியும் மகளும் வீட்டில் இருந்தபடியே கேட்கட்டும் என்று ஆசைப்பட்டு, மைதானத்து மூலையில் இருந்த குழாய் ஸ்பீக்கர் ஒன்றைத் தெருவைப் பார்க்கத் திருப்பிக் கட்டினார் ஹலோ. நன்றி கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் பேச்சு வரும் என்பது அவர் புத்தியில் உறைக்கவில்லை. மைக்செட்காரர்கள் பேச்சை எங்கே கேட்கிறார்கள், சத்தத்தைத்தான் கேட்கிறார்கள்.

வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் உழைப்பைப் பற்றிப் பேசினார். ஹலோ தலையாட்டினார். குடும்பத்தைப் பற்றிப் பேசினார். அதற்கும் ஆட்டினார். பிறகு அந்த ஆள் ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தினார். பேசுகிறவர் குரல் தாழ்ந்தால் சத்தம் கூட்டும் திருகை ஏற்றுவது ஹலோவின் கைப்பழக்கம். மண்டைக்குச் சேதி போகும் முன்பே கை ஏற்றிவிடும். ஏற்றிவிட்டது.

"நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். கடைக்குப் போனால் தராசு அவர்கள் கையில். வண்டியில் ஏறினால் ஸ்டியரிங் அவர்கள் கையில். ஆஸ்பத்திரிக்குப் போனால், உங்களைப் பெற்ற தாயின் கையில் ஊசியைக் குத்துவது யார்? இன்னுமா தூங்குகிறீர்கள்?"

ஒரு இரைச்சல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. தெருவில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்குக்கூட ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அப்புறம் நன்றி சொன்னார்கள். மேடை போட்டவர், நாற்காலி தந்தவர், தண்ணீர் கொண்டுவந்தவர் என்று எல்லோர் பெயரும் வந்தது. "மற்றும் ஒலிபெருக்கி அமைத்தவருக்கும்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். பெண்டாட்டி கொஞ்சம் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவள் தம்பி உள்ளே நுழைந்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன், எதிர்க்கட்சிக்காரன், நாக்கில் எலும்பில்லாதவன்.

"மாமா, ஸ்டியரிங் என் கையில இருக்காமே? காலையில ஒருத்தர் ஏறி உக்காந்தாரு, முன்னாடி ஒட்டியிருக்கற என் பேரைப் படிச்சாரு, போனை மறந்துட்டேன்னு இறங்கிப் போனவரு வரவே இல்ல. போன் அவரு கையிலயே இருந்துச்சு."

"அவர் உன்னைச் சொல்லலப்பா. பொதுவாச் சொன்னாரு."

"பொதுவுல நான் இல்லையா? அந்த அளவுக்கா நான் இளைச்சுட்டேன்?"

மகள் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. நரம்பே தெரியாத கிழவிகள்கூட அவள் வரும்வரை காத்திருப்பார்கள் என்று தெருவில் பேச்சு. கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்து கிடந்தது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே பிள்ளை. "இங்கே என்ன குறைச்சல்? இது நம்ம ஊரு" என்று சொல்லிச் சொல்லியே ஹலோ அவளை நிறுத்தி வைத்திருந்தார்.

"அப்பா, நம்ம ஊருன்னு நீங்க மட்டும்தான் சொல்றீங்க," என்றாள். "ஊரு ஒரு தடவையாவது சொல்லட்டுமே. நான் இருந்துக்கறேன்."

"சொல்ல வைக்கிறேன். அடுத்த வாரம் அதே மைதானத்துல இன்னொரு கூட்டம் இருக்கு. உங்களைச் சொல்லலன்னு செயலாளர் வாயாலயே, அதே மைக்குல சொல்ல வைக்கிறேன். சொல்லலன்னா நீ கிளம்பு. நான் தடுக்க மாட்டேன்."

உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு எதிர்மாடிக்காரர்கள் அப்போதுதான் கீழே இறங்கினார்கள்.

செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். வரப்போகிற தேர்தலில் கட்சியின் வேட்பாளரும் அவர்தான். ஹலோ போனபோது கடையில் கூட்டமில்லை. கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து தோளில் கை போட்டார்.

"அட, உன்னையா சொன்னாரு? என்ன ஹலோ நீ, சின்னப் பிள்ளையாட்டம். நீ நம்ம ஆளுய்யா."

"என் மச்சினன்?"

"அவன் வாய்க்கு நாலு வார்த்தை கேட்கலாம். ஆனா அவனையும் சொல்லல."

"என் பொண்ணு?"

"தங்கம்! எங்கம்மாவுக்கு உன் பொண்ணு வந்துதான் ரத்தம் எடுக்கணும். வேற யாரையும் கிட்ட சேர்க்காது."

"எங்க தெருவுல தையல்காரம்மா? பால்காரர்? பள்ளிக்கூடத்து வாட்ச்மேன்?"

"எல்லாரும் நல்ல மனுஷங்கப்பா."

"அப்ப யாரைத்தாண்ணே சொன்னாரு?"

செயலாளர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம். "அதான்... அந்தப் பக்கம் இருப்பாங்கல்ல, அவங்களை," என்று ரயில் பாதைக்கு அப்பால் கையைக் காட்டினார். அப்பால் சரக்குக் கிடங்குதான் இருந்தது.

"அண்ணே, இதையே மேடையில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என் பொண்ணு ஊரை விட்டுப் போகாம இருக்கறது அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு."

அந்த நேரம் பார்த்து மருந்து வாங்க ஒருவர் வந்தார். செயலாளரின் கை ஹலோவின் தோளிலிருந்து தானாக இறங்கியது. "சொல்றேன், போ," என்றார், கொஞ்சம் சின்னக் குரலில்.

அந்தச் சின்னக் குரல் ஹலோவின் மனசில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. வீட்டுக்கு வரும்போதே வாசலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். "கேட்டியா, செயலாளரோட அம்மா நீ வந்தாத்தான் கையையே நீட்டுவாங்களாம்."

மகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். துண்டால் முகத்தை மூடியபடியே சொன்னாள். "நேத்து வரைக்கும்தான்பா. இன்னைக்கு வந்தாங்க. வேற பொண்ணை அனுப்பும்மா, எனக்கு ஒண்ணுமில்ல, பக்கத்துல இருக்கறவங்க ஒரு மாதிரி பாக்கறாங்கன்னு சொன்னாங்க. என் கன்னத்தைத் தொட்டுட்டுத்தான் சொன்னாங்க."

"வயசானவங்க, தடுமாறியிருப்பாங்க."

"தடுமாறல. இன்னைக்கு ஒரே நாள்ல இது மாதிரி அஞ்சாறு பேர்."

சமையலறையிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம் வந்தது. அவர் பெண்டாட்டி எதுவும் சொல்லாமல் சொல்வதற்கு அதைத்தான் பயன்படுத்துவாள்.

இடையில் மச்சினனின் கட்சி வேட்பாளரும் தெருவுக்கு வந்துவிட்டுப் போனார். வாசல் வாசலாகச் சிரித்துக்கொண்டு வந்தவரை ஹலோ வழிமறித்தார். அந்தத் தெருவே எதிர்பார்க்காதது அது.

"அன்னைக்கு எங்களைப் பேசுனாங்களே, அதுக்கு நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"நாங்க செய்ய என்னங்க இருக்கு? அவங்க அப்படிப் பேசப் பேசத்தானே நீங்க எங்களுக்கு ஓட்டுப் போடறீங்க!" என்று வேட்பாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். மச்சினன் மட்டும் தன் காரின் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். டயரில் ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் கூட்டம் வந்தது. ஹலோ மறுபடியும் குழாயைத் தெருவைப் பார்க்கத்தான் திருப்பிக் கட்டினார். இந்த முறை ஆசைக்கு அல்ல, வீம்புக்கு. தெருவில் அன்றைக்கு ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை. ஹலோ பெண்டாட்டி கூடத்தில் நாற்காலியைப் போட்டு, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தம்பியை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி நிறுத்தியிருந்தாள். பேச்சாளர்கள் பேசினார்கள். செயலாளர் கடைசியில் எழுந்து தொண்டையைச் செருமினார். ஹலோ திருகைக் கொஞ்சம் ஏற்றினார், நன்றாக யோசித்தே ஏற்றினார்.

"ஒரு சின்ன விளக்கம்," என்றார் செயலாளர். "போன கூட்டத்துப் பேச்சில் சிலருக்கு மனவருத்தம் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் அவர்கள் எல்லோரையும் சொல்லவில்லை. அவர்களிலும் ஓரிரண்டு நல்லவர்கள் உண்டு. இதோ, நம் மைக்செட்காரரையே பாருங்கள்." அப்புறம் அந்த முழுப் பெயரையும் சொன்னார், பாதியில் தடுக்கித் தடுக்கி. பெயரைக் கேட்டதும் பின்வரிசையில் யாரோ நீளமாக ஊளையிட்டார்கள். செயலாளரும் சிரித்துவிட்டார். "இருங்கப்பா, இருங்க. எத்தனை வருஷமாக வருகிறார்! வேலையைப் பார்ப்பார், வாயைத் திறக்க மாட்டார், எதையும் கேட்க மாட்டார். எல்லோரும் இவரைப் போலத் தங்கள் இடம் தெரிந்து இருந்துவிட்டால் நமக்கு அவர்களோடு என்ன பிரச்சினை?"

கைதட்டல் மைதானத்தை நிரப்பியது. மேடைக்காரர்கள் ஹலோவை எழுந்து நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். அவர் எழுந்தார். ஆம்ப்ளிஃபயரின் சுவிட்ச் அவர் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் ஊரே அமைதியாகியிருக்கும். அவர் தட்டியிருக்க வேண்டும் என்றுதான் தெருவில் கொஞ்ச நாள் வாதம் நடந்தது. தட்டவில்லை. செயலாளர் மைக்கை ரொம்பக் கிட்டே பிடித்ததில் கீச்சென்று சத்தம் வர, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பெட்டிகளை ஏற்றி வீட்டுக்கு வந்தபோது மூவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

"சொல்லிட்டாங்க," என்றார் ஹலோ.

"கேட்டுச்சுப்பா," என்றாள் மகள். "நல்லாக் கேட்டுச்சு."

"நீ சொன்ன மாதிரி ஊரு சொல்லிடுச்சு. நீ இருக்கணும்னு நான் சொல்லலாம்." தோளில் கிடந்த ஒயர்ச் சுருளை இறக்கி வைத்தார். "சொல்ல மாட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு பதில் எழுதிடு."

மகள் அவர் கையைப் பிடித்தாள். வேலைப் பழக்கமோ என்னவோ, மணிக்கட்டைத்தான் பிடித்தாள்.

ஓட்டுப் போடும் நாளில் அவரை அழைத்துப் போகக் கட்சி கார் அனுப்பியது. மச்சினனும் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு பேரிடமும் காய்ச்சல் என்றார். பெண்டாட்டி தொட்டுப் பார்த்ததில் உடம்பு சில்லென்று இருந்ததாகக் கேள்வி. "அவங்களுக்குப் போட்டா என்னைத் திட்டுனதுக்கு நானே கை தட்டுன மாதிரி. இவங்களுக்குப் போட்டா அந்த ஆள் சிரிச்சதுக்கு நானும் சிரிச்ச மாதிரி. எனக்குன்னு அங்க என்ன வச்சிருக்காங்க?" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். செயலாளர் ஜெயித்தார். நிறைய வித்தியாசத்தில்.

மகள் போனாள். போன இடத்திலேயே கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஹலோவும் பெண்டாட்டியும் அதைப் போனில்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளை எந்த ஆட்கள் என்று தெருவில் எவ்வளவோ துருவியும் அந்த அம்மாளிடமிருந்து ஒரு சொல் கிடைக்கவில்லை. மகள் பிரசவத்துக்குப் போன ஹலோ பெண்டாட்டி, பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கியும் திரும்பவில்லை. அங்கேயும் மேடைகளில் இதே மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம், புரியாத மொழியில் பேசுவதால் பரவாயில்லை என்று தம்பியிடம் சொன்னாளாம். தம்பி ரயில் பாதைக்கு அப்பால், தங்கள் ஆட்கள் மட்டும் சேர்ந்து கட்டியிருக்கிற குடியிருப்புக்குக் குடிபோனான். சரக்குக் கிடங்கை இடித்துவிட்டுக் கட்டியது. ஹலோ கொஞ்ச நாள் தனியாகப் பொங்கித் தின்றுவிட்டு, அவனோடு ஒரு அறையில் போய் ஒட்டிக்கொண்டார். தெருவில் அந்த ஆட்களின் வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. ஹலோ வீட்டை வாங்கியவர் செயலாளரின் மருமகன். போன மாதம்தான் கல்யாணம் ஆனது, நல்ல ஜோடி.