பன்னிரண்டாவது வில்லை

தொழிலாளர் இலாகாவில் பரசுராமனுக்கு ஒரு மேஜை இருந்தது, ஒரு நாற்காலி இருந்தது, ஜன்னல் வழியாகத் துறைமுகக் காற்றும் வந்தது. பேச ஆள்தான் இல்லை.

உலகத் தொழிலாளர்களுக்கெல்லாம் நியாயம் சொல்ல ஜெனீவாவில் ஓர் ஆபீஸ் திறந்தார்களல்லவா, அங்கிருந்து வந்த முதல் காகிதக் கட்டில் பாதி பிரெஞ்சில் இருந்தது. சென்னை அதிகாரிகள் அதை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, புதுச்சேரியிலிருந்து பரசுராமனைப் பிடித்து வந்தார்கள். அது இருபத்தொன்றாம் வருஷம். பிறகு எல்லாக் காகிதமும் இங்கிலீஷிலும் வர ஆரம்பித்துவிட்டது. ஆளைத் திருப்பி அனுப்ப சர்க்காருக்கு மனசு வரவில்லை. ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் இன்னும் பொருத்தம். பிரெஞ்சுப் பிரதியும் இங்கிலீஷ் பிரதியும் ஒன்றையேதான் சொல்கின்றனவா என்று வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பது அவர் வேலை ஆயிற்று. பத்து வருஷமாக ஒத்துப் பார்த்தார். ஒன்றையேதான் சொன்னன.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் மாடியறை. கல்யாணம் ஒன்று பேசி முடித்திருந்தார்கள்; பெண்ணின் தகப்பனாருக்குச் சைகோனில் உத்தியோகமாகிக் குடும்பத்தோடு கப்பலேறிப் போனதோடு அது சரி. கூடப் படித்தவர்களும் ஒவ்வொருவராக அங்கேதான் போனார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பிரெஞ்சு பேசிவிட்டு வந்துகொண்டிருந்தவர், அம்மா காலமான பிறகு அதையும் விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் கண்ணாடியைப் பார்த்து இரண்டு வாக்கியம் பிரெஞ்சில் பேசுவார். கண்ணாடிக்காரன் தப்பே விடமாட்டான், பதிலும் சொல்லமாட்டான்.

தெருமுனையில் கெங்கம்மா ஆப்பக்கடை போட்டிருந்தாள். காலையில் நாலு ஆப்பம், ஒரு வார்த்தையும் பேசாமல் தின்றுவிட்டுப் போகிற ஆளை அவள் முதலில் ஊமை என்றே நினைத்தாள். ஊமையில்லை என்று தெரிந்த பிறகும் அவளுக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. ஒரு நாள், கடையில் வேறு யாரும் இல்லாதபோது, தன் புருஷன் கதையைச் சொன்னாள்.

"உன்னாண்ட சொன்னா கெணத்துல போட்ட கல்லு மாரி. நீ யாராண்ட போயி பேசப்போற?" என்றுதான் ஆரம்பித்தாள்.

கதை இதுதான். அவள் புருஷன் ஜெயவேல், துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற கம்பெனி ஒன்றில் மதார் சாகிப் மேஸ்திரியின் செட்டில் இருந்தவன். மேஸ்திரியையும் சேர்த்து ஒரு செட்டுக்குப் பன்னிரண்டு பேர். ஒரு நாள் கிரேன் கயிறு நைந்து அறுந்து தோல் மூட்டை அவன் இடுப்பில் விழுந்தது. இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள். இருபதாம் நாள் வீட்டில் கிடந்தே செத்துப்போனான். கம்பெனிக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனிப் பதிவிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். பேரை அடித்தால் கம்பெனி லைனில் இருக்கிற ஒற்றை அறையைக் காலி செய்ய வேண்டும். மூன்று பெண் குழந்தைகள் அவளுக்கு.

துறைமுகத்தில் தலையை எண்ணுவதில்லை, வில்லையை எண்ணுவார்கள். ஒவ்வோர் ஆளுக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை. காலையில் மேஸ்திரி அவற்றைக் கேட்டண்டை இருக்கும் பலகை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போவார். மதார் சாகிப் இன்றைக்கும் ஜெயவேலுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு வில்லை மாட்டுகிறார். பன்னிரண்டு பேர் தூக்க வேண்டியதைப் பதினோரு பேர் தூக்குகிறார்கள். இரண்டு வருஷமாகிறது. அவர்களில் ஒருவனும் வாய் திறக்கவில்லை.

கேட்டுவிட்டுப் பரசுராமன் தலையை மட்டும் ஆட்டினார். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

முப்பத்தொன்றாம் வருஷம் மார்கழியில், ஜெனீவாவிலிருந்து முசே பெர்தியே என்று ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். துறைமுகங்களில் நடக்கும் விபத்துகளைப் பற்றி ஊர் ஊராகப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர். இங்கிலீஷ் படிப்பாராம், பேச வராதாம். சூப்பரிண்டெண்டென்ட் ராமதாஸ் அவர்களுக்குப் பத்து வருஷம் கழித்துத் திடீரென்று பரசுராமனின் ஞாபகம் வந்தது. "ஓய், நாளைக்கு நல்ல கோட்டாப் போட்டுண்டு வாரும். அவர் கேக்கறதை அவாகிட்ட சொல்லும், அவா சொல்றதை அவர்கிட்ட சொல்லும். உம்ம சரக்கு எதையும் நடுவுலே சேர்க்காதேயும்" என்று உத்தரவு போட்டார்.

செய்தி ஆப்பக்கடைக்கும் எட்டிவிட்டது.

"பாண்டிக்காரரே, நீதான் அந்த வெள்ளக்காரருகூட பேசப்போறியாமே? கயிறு அறுந்து ஒரு மன்சன் பூட்டான்னு மட்டும் சொல்லு. பேரு வாணாம். வில்லை கதையும் வாணாம். அந்தக் கயித்த மாத்தினாங்கன்னா இன்னொருத்தி தாலி நிக்கும்" என்றாள் கெங்கம்மா.

"சரி" என்றார் பரசுராமன். அவர் அவளிடம் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

மறுநாள் முசே பெர்தியே கையை நீட்டி, "நீங்கள் புதுச்சேரியா? உங்கள் உச்சரிப்பு எங்கள் ஊர் வாத்தியாரை ஞாபகப்படுத்துகிறது" என்று பிரெஞ்சில் சொன்னபோது, பரசுராமனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறைந்துவிட்டது.

காலையெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கிரேன், ஏணி, மூட்டை எடை எல்லாம் பார்த்தார்கள். கூலிக்காரர்களைக் கேள்வி கேட்டபோது கம்பெனி குமாஸ்தா பக்கத்திலேயே நின்றான்; மதார் சாகிப், "அல்லா புண்ணியத்துல எல்லாம் நல்லாகீது தொரை" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் ராமதாஸும் குமாஸ்தாவும் சாப்பிடப் போனார்கள். முசே பெர்தியே, "நாம் கொஞ்சம் நடக்கலாமே" என்றார். அலைதாங்கிச் சுவர்மேல் இருவரும் நடந்தார்கள்.

பத்து வருஷம் பூட்டிக் கிடந்த வாய். திறந்ததும் நிற்கவில்லை. புதுச்சேரிக் கடற்கரையைப் பற்றிப் பேசினார், அம்மாவைப் பற்றிப் பேசினார், சைகோனுக்குப் போன பெண்ணைப் பற்றிக்கூடப் பேசினார். முசே பெர்தியே கேட்டுக்கொண்டார், இடையிடையே நல்ல கேள்வியாகக் கேட்டார், ஓர் இடத்தில் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் சூட்டில் பரசுராமன் அறுந்த கயிற்றைச் சொன்னார். சொன்னவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த ஏழைகளுக்குள் ஒற்றுமை இருக்கிறதா?" என்று முசே பெர்தியே கேட்டார். எப்பேர்ப்பட்ட ஒற்றுமை என்று காட்ட வேண்டும் போல இவருக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. பன்னிரண்டு வில்லையையும் பதினோரு தோளையும் சொன்னார். செட்டைச் சொன்னார். மாதத்தைச் சொன்னார். பிரெஞ்சில் சொன்னால் அது சென்னையில் சொன்னதாகாது என்று எங்கேயோ ஒரு நினைப்பு. நுணலும் தன் வாயால் கெடும். இங்கே கெடப்போனது வேறொருத்தி.

அன்று ராத்திரி பரசுராமன் கண்ணாடி முன் நிற்கவில்லை. சந்தோஷமாகத் தூங்கினார்.

பங்குனியில் அறிக்கையின் கையெழுத்துப் பிரதி வந்தது. அச்சுக்குக் கொடுக்குமுன் பிழை இருந்தால் திருத்தி அனுப்பவும் என்று ஒரு கடிதம். பிரெஞ்சில் மட்டும் இருந்ததால் நேரே பரசுராமன் மேஜைக்கு வந்தது. பதினான்காம் பக்கத்தில் அந்தப் பாரா. முழுசாக இருந்தது. நைந்த கயிறு, இறந்த மனிதன், எந்தச் செட்டு, எந்த மாதம், ஆணியில் தினமும் மாட்டப்படும் பன்னிரண்டாவது வில்லை. 'தொழிலாளர் ஒற்றுமைக்கு நான் எந்த நாட்டிலும் காணாத உதாரணம்' என்று எழுதியிருந்தார். கீழே இன்னும் இரண்டு வரி: 'இதை எனக்கு விளக்கியவர் இலாகாவின் மொழிபெயர்ப்பாளர் திரு. பரசுராமன். அவருடைய பிரெஞ்சை என் நாட்டின் எந்தச் சபையிலும் பெருமையோடு கேட்பேன்.'

கடைசி இரண்டு வரியைத்தான் முதலில் நாலைந்து தடவை படித்தார். அதை ஒளிப்பானேன், மனுஷன்தானே. பிறகுதான் மேலே இருந்ததைத் திரும்பப் படித்தார். புத்தகம் அச்சானால் ஒரு பிரதி கம்பெனிக்கு வரும். கம்பெனி பலகைக்கு ஓடும். கெங்கம்மாவும் மூன்று பெண்களும் தெருவில். செத்தவன் வில்லையை மாட்டிய குற்றத்துக்கு மதார் சாகிப்பும் பத்து பேரும் போலீஸ் ஸ்டேஷனில்.

வில்லையை மட்டும் எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்தார். அப்போதும் கயிறறுந்து செத்தவன் யார் என்று தேடுவார்கள். தேடினால் வில்லைதான் கிடைக்கும். முசே பெர்தியேவுக்குத் தனியாக எழுதலாமா? சர்க்கார் குமாஸ்தா எழுதும் எந்தக் கடிதத்துக்கும் பதிலின் நகல் ஆபீஸுக்கு வந்துவிடும். யாரும் மறுகேள்வி கேட்காத காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த மிக நல்ல பிரெஞ்சில் எழுதினார்:

'பதினான்காம் பக்கத்தில் உள்ள பாரா முழுவதையும் நீக்கிவிடக் கோருகிறோம். அவ்வாறு எவரும் இறக்கவில்லை. அத்தகைய வழக்கமும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் தொழிலாளர் பேச்சைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவருடைய பிரெஞ்சு அறிவும் இவ்வேலைக்குப் போதுமானதன்று.'

இங்கிலீஷ் நகலோடு கையெழுத்துக்கு வைத்தார். ராமதாஸ் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இதென்னங்காணும், உம்மையே நீர் திட்டி எழுதியிருக்கீர்?"

"தப்பு நடந்துபோச்சு சார். கூலிக்காரன் ஒருத்தன் சொன்னதை மாத்திச் சொல்லிட்டேன்."

"பத்து வருஷமா பிரெஞ்சு பிரெஞ்சுன்னு உம்மை வச்சுப் பூஜை பண்ணிண்டிருக்கோம். வேலைன்னு வந்தது ஒரே ஒரு நாள். அதுலயும் கோட்டை விட்டுட்டீரே!"

கையெழுத்துப் போட்டார். சர்வீஸ் புஸ்தகத்தில் ஒரு குறிப்பும் ஏறிற்று.

ஆனி மாதம் பதில் வந்தது. பாரா நீக்கப்பட்டது, நன்றி என்று நாலு வரி. அடியில் முசே பெர்தியே தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'அந்த மொழிபெயர்ப்பாளரைத் தண்டிக்க வேண்டாம். நல்ல மனிதர். அன்று கடலோரம் வெகுநேரம் பேசினோம். ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டோம் என்று நினைத்திருந்தேன். அது அப்படியில்லை என்று இப்போது தெரிவதில் எனக்குச் சிறிது வருத்தம்.'

பரசுராமன் அதை மடித்து ஃபைலில் வைத்தார். திரும்ப எடுத்தார். திரும்ப வைத்தார். பத்து வருஷத்தில் அவருக்கு வாய்த்தது ஒரு மத்தியானம். அதுவும் நடக்கவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்தாயிற்று. ஆபீஸில் பங்கா ஓடிக்கொண்டிருந்தது, யாரோ சிரித்தார்கள், அவருக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்துகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார் ராமதாஸ்.

"எடுத்துட்டாராம் சார்."

அச்சான புத்தகம் ஆவணியில் வந்தது. மறுநாள் காலை கெங்கம்மா ஆப்பத்தைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பொஸ்தகம் வந்துச்சாமே, பாண்டிக்காரரே. கயிறு கத கீதா அதுல?"

"இல்ல."

"நீ சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. ஏமாற்றம்தான்.

"அவருக்குப் புரியறாப்ல சொன்னியா?"

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் மனசு லேசாகும். ஆனால் கிணற்றில் போட்ட கல் வெளியே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கமாட்டாள். அவர் தட்டைப் பார்த்தார்.

"புரியற மாதிரி சொல்லத் தெரியல, கெங்கம்மா."

"தோ பார்றா. அம்மாந்தூரம் படிச்சுட்டு!" என்றாள் அவள். பிறகு பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "சரி, போனா போவட்டும். அல்லாருக்குமா பேச வரும்? துன்னு. ஆறிடப் போவுது" என்று ஒரு ஆப்பத்தைக் கூடப் போட்டாள்.

துறைமுகத்தில் சங்கு ஊதிற்று. மதார் சாகிப்பின் செட்டு தெருவழியாகப் போனது. கயிறு இன்னும் மாறாததாலோ என்னவோ, பரசுராமனைப் பார்த்ததும் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேஸ்திரி மட்டும் கையைத் தூக்கிச் சலாம் வைத்துவிட்டு நடந்தார். இடுப்பில் வில்லைக் கொத்து கிணுகிணுத்தது. பரசுராமன் எண்ணவில்லை. பன்னிரண்டு இருக்கும். அதே பழைய கயிற்றின் கீழேதான் அன்றைக்கும் பதினோரு பேரும் நிற்கப்போகிறார்கள். ஐந்தாவது ஆப்பத்தையும் தின்று முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, அவர் ஆபீஸுக்குப் புறப்பட்டார்.