மாத்திரைக்கு முன்னால் சொன்னது

அருணாதேவி குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது பருப்புக்கீரைப் பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. பிடுங்கிய செடிகள் வேர் தெரியச் சுவரோரம் குவிந்திருந்தன. அவளுக்கு முன்பே எழுந்து, உதவியாக இருக்கட்டும் என்று, அவள் கணவன் விமல்ராஜ் களை எடுத்திருந்தான். அடி அண்ணாமலையில் அவன் வீட்டுக் கடலைக்கொல்லையில் அது களைதான். அதைப் பிடுங்கியே வளர்ந்தவனுக்கு, ஒருத்தி உழவர் சந்தையில் விதை கேட்டு வாங்கி வந்து போட்டிருப்பாள் என்று எப்படித் தெரியும்? கையில் மண்ணோடு, நல்ல வார்த்தை ஒன்றை எதிர்பார்க்கும் முகத்தோடு நின்றான். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தபோது கீரையைப் பற்றித்தான் சொல்லப்போகிறோம் என்று நினைத்தாள்.

“உங்க கூட இருக்க முடியலைங்க. ஹாஸ்டல்லயே இருந்திருக்கலாம்னு தோணுது.”

சத்தமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது பொய்யாகவும் தெரியவில்லை. விமல்ராஜ் போய்க் குழாயை மூடினான். கை கழுவினான். பம்புசெட் கம்பெனியின் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பிடாமல் வண்டியை எடுத்துப் போய்விட்டான்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியும் அவர்கள் சேர்ந்தாற்போல ஒரு மாதம் இருந்ததில்லை. அவள் வேலூரில் பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். வாரக்கடைசியில் பஸ் ஏறி வருவாள், திங்கட்கிழமை விடிவதற்குள் திரும்பிவிடுவாள். இந்தக் கோடை விடுமுறையில்தான் செங்கம் ரோட்டுக்கு உள்ளே தள்ளியிருந்த வாடகை வீட்டில் முதன்முறையாகக் குடித்தனம் என்று ஒன்றைச் செய்தாள். காலையில் உழவர் சந்தைக்குப் போய்க் காய் விற்கும் பெண்களிடம் பேசுவது, பகலில் அதை எழுதுவது, சாயங்காலம் பின்பக்கத்துத் தோட்டம். விமல்ராஜ் கெட்டவன் இல்லை. சம்பளத்தில் அவள் படிப்புக்கு எடுத்து வைப்பான், அவள் சமைத்தால் அவன் பாத்திரம் துலக்குவான். ஆனால் யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் அவள் பதிலின் பாதியிலேயே நுழைந்து, “அவ என்ன சொல்றான்னா” என்று ஆரம்பித்துவிடுவான். பெரும்பாலும் சரியாகவே சொல்லி முடிப்பான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த மே மாதம் அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. கத்திரி வெயிலில் மற்றவர்கள் சுருண்டு கிடக்க, இவள் கடப்பாரையால் பாத்தி வெட்டினாள். தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினாள். மறுநாள் படித்தால் ஒரே விஷயம் மூன்று இடத்தில் இருந்தது. நன்றாகச் சாப்பிட்டும் ரவிக்கை தொளதொளத்தது. சந்தையில் பேனா பிடித்த கை நடுங்குவதைப் பார்த்து ஒரு அம்மாள் மோர் வாங்கிக் கொடுத்தாள். நாள் தள்ளிப்போயிருப்பதை எப்படியோ தெரிந்துகொண்ட மாமியார் ரேணுகாம்பாள் ஒரு பை நிறைய மாதுளம்பழத்தோடு வந்து இறங்கினாள். “வெயில்ல ஜாஸ்தி அலையாதம்மா” என்று அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து அருணாவுக்கு அழுகை வந்தது. வீட்டிலேயே சோதித்துப் பார்த்தாள், இல்லை என்று வந்தது. அதற்கும் அழுதாள். எதற்காக என்று அவளுக்கே விளங்கவில்லை. குழந்தை வேண்டும் என்று அவள் இன்னும் நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

கீரை பிடுங்கிய நாளுக்குப் பிறகு இருவரும் விருந்தாளிகள் மாதிரி நடமாடினார்கள். சோறு போதுமா, சாவி எங்கே என்பதற்கு மேல் பேச்சில்லை. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா குர்ஷித் பேகம்தான், துணி காயப்போட வந்தவள், கொடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உற்றுப் பார்த்துவிட்டு, “அருணா, கழுத்தாண்ட என்ன வீக்கம்? என் தங்கச்சிக்கு இப்டிதான் இருந்துச்சு. டாக்டராண்ட காட்டு” என்றாள்.

விமல்ராஜ் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். டவுனில் இருந்த டாக்டரம்மா இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, தைராய்டு தேவைக்கு மேலே சுரக்கிறது என்றார். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையில் கட்டுப்படும், கொஞ்ச நாளாகும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். திடீர் கோபம், அழுகைகூட அதிலேயே வரலாம் என்றார்.

“கோவமும் அதனாலதானா மேடம்?” என்று விமல்ராஜ் கேட்டான். அவன் முகத்தில் அத்தனை நாளாக இறுகியிருந்தது ஏதோ தளர்ந்ததை அருணா பார்த்தாள். வெளியே வந்ததும் அவளுக்குச் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். தம்ளரைக் கையில் கொடுத்தபடி, “அப்ப அன்னைக்கு பேசுனது நீ இல்ல” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் அப்படியே இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் போலிருந்தது. தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அவன் எல்லோருக்கும் சொன்னான். அம்மாவிடம் சொன்னான், அவள் பெற்றோருக்கு ஆரணிக்கு போன் போட்டுச் சொன்னான், குர்ஷித் பேகத்திடம் நன்றியோடு சொன்னான். காலையில் அவளை எழுப்பாமல் அவனே செடிகளுக்குத் தண்ணீர் விட்டான். சந்தேகம் வந்தால் பிடுங்காமல் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டினான். அவளுக்கு அது வேடிக்கையாகவும் பாவமாகவும் இருந்தது. மெல்லத் தூக்கம் வந்தது. கை நடுக்கம் நின்றது. ஒரு மாலை, மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கொன்று முதல் வெண்டைக்காயை ஒடித்துக் கடித்துப் பார்த்து, பிடிக்காமல் அவன்மேல் எறிந்துவிட்டுப் போனபோது, இருவரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள். சிரித்து முடித்து அவன் தோளில் சாய்ந்தபோது, இந்தச் சிரிப்பை மட்டும் மாத்திரை செய்தது என்று ஏன் யாரும் சொல்வதில்லை என்று ஒரு எண்ணம் வந்தது. அதை அவள் சொல்லவில்லை.

ஜூன் நடுவில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை போன் செய்தார். உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தீபாவளிக்குப் பிறகு அத்தியாயங்களைக் கொடுத்தால் போதும், உன் கணவர் எல்லாம் சொன்னார், நல்ல மனுஷன் என்றார். அருணா சரி மேடம் என்று வைத்துவிட்டாள். அத்தியாயங்கள் முக்கால்வாசி முடிந்து மேஜைமேல் இருந்தன.

விமல்ராஜ் மதியம் சாப்பிட வந்தபோது கேட்டாள். நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள். உன் நல்லதுக்குத்தானே என்றான். என் மேடம், என் படிப்பு, நான் பேசமாட்டேனா என்று கேட்டபோது குரல் உயர்ந்துவிட்டது. அவன் சோற்றில் கையை நிறுத்தி, மிகவும் அன்பாக அவளைப் பார்த்தான்.

“காலைல மாத்திரை போட்டியா?”

 பதில் சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். போட்டோமா? காலையில் சந்தைக்கு அவசரமாகக் கிளம்பியது ஞாபகம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். அன்றைய மாத்திரை அட்டையிலேயே இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றாள். கோபம் அப்படியேதான் இருந்தது. நியாயமான கோபம் என்றுதான் தோன்றியது. ஆனால் கீரை பிடுங்கிய அன்றைக்கும் அப்படித்தானே தோன்றியது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். இதற்குள்ளிருந்து வருகிறதா, இன்னும் கீழேயிருந்து வருகிறதா? யாரைக் கேட்பது? மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தாள். விமல்ராஜ் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பேராசிரியைக்கு அவளே போன் செய்து, ஆடிக்குள் அத்தியாயங்களைத் தந்துவிடுவதாகச் சொன்னாள். அதை அவனிடமும் சொன்னாள். அவன் சரி என்றான். வேறு ஏதோ கேட்க நினைத்து, கேட்காமல் விட்டான்.

மறு பரிசோதனைக்கு ஆனிப் பௌர்ணமியன்று போகும்படி ஆயிற்று. எல்லாம் சீராக வந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரையை நிறுத்தக்கூடாது, ஆனால் இனி பழைய அருணாதான் என்று சிரித்தார். படியிறங்கினார்கள். பழைய அருணா எவள் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். விமல்ராஜ் கையிலிருந்த பரிசோதனைத் தாளைத் திரும்பவும் பிரித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்தான். நல்ல செய்தி கேட்டவன் முகமாக இல்லை அது.

செங்கம் ரோட்டை எட்டியபோது கிரிவலக் கூட்டம் சாலையை நிறைத்திருந்தது. போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். அவர்கள் இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றார்கள். கூட்டம் வெறுங்காலோடு போய்க்கொண்டேயிருந்தது.

“அன்னைக்கு சொன்னியே” என்றான் அவன், சாலையைப் பார்த்தபடி. “இப்பவும் அப்டிதானா?”

எந்த நாளென்று அவள் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிப் பார்த்தாள், மனசுக்குள். இல்லை என்றும் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் ஒரே கனமாக இருந்தன. நெஞ்சு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

“தெரியலைங்க.”

அவள் மேலே ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். அவர்களுக்கு முன்னால் நடுத்தர வயதுத் தம்பதி ஒன்று கடந்துபோயிற்று. நெரிசலில் தொலைந்துவிடாமலிருக்க ஒரு துண்டின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். முன்னால் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடையில் ஆட்கள் புகுந்தார்கள். துண்டு ஒருமுறை விறைத்து, தளர்ந்து, மறுபடி விறைத்தது. மரத்தடியில் நின்ற இருவரும், அது கண்ணுக்குத் தெரிந்த மட்டும், அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.