வேதாசலம் அரங்கத்தின் விதானம்

"ஐயா, நடுவுல தொங்குதே, அது எவ்வளவு எடை இருக்கும்?"

ஷபானா அண்ணாந்தபடியே கேட்டாள். மாலையில் இசை நிகழ்ச்சி நடத்தவிருந்த கம்பெனி அனுப்பிய என்ஜினியர் அவள். விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் கூரையின் இரும்புச் சட்டங்களில்தான் தொங்கப்போகின்றன. அந்தப் பாரத்தைச் சட்டங்கள் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. அரங்கம் கட்டியபோது போட்ட வரைபடத்தை வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அந்த வரைபடத்தில் நடுவில் தொங்கும் இந்த விதானம் இல்லை.

செங்கல்வராயன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். எழுபதை நெருங்கியும் முதுகு வளையாத மனிதர். அரங்கத்தின் உரிமையாளர்.

"ஒட்டுப்பலகைதாம்மா," என்றார். "மேலே தேக்குச் சாயம் பூசியிருக்கு. உள்ளே ஒண்ணும் கிடையாது."

பக்கத்தில் நின்ற மேனேஜர் தாவீது வெடுக்கென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். செங்கல்வராயன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஷபானா கைபேசியில் எதையோ தட்டிக் கணக்குப் போட்டு, "அப்படின்னா சரி, பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் தாவீது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "இன்னா மொதலாளி, நிலம்பூர்த் தேக்கு எப்பலேர்ந்து ஒட்டுப்பலகை ஆச்சு?"

"வேலையைப் பாரு தாவீது."

"வேலைய பாத்துகினுதான் கீறேன். அன்னிக்கி ஒரு போட்டோக்காரன் இது பைபர் மாதிரி கீதேன்னு கேட்டதுக்கு, ஒரு காபிகூட குடுக்காம தொரத்தனது நீங்கதான?"

அது உண்மைதான். விதானத்தைக் குறைத்துப் பேசிய எவரையும் அவர் அந்த வாசலில் நிற்கவிட்டதில்லை. இன்றைக்கு அவர் வாயே அதைச் சொல்லிவிட்டது.

அந்த அரங்கம் பிறந்த கதை செங்கல்பட்டு வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு கைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தை மழை அடித்துக்கொண்டு போனது. கன்னியாகுமரியிலிருந்து வந்திருந்த பெண்கள் அணி நனைந்த மூட்டைகளோடு ரயிலடியில் நின்றதைப் பார்த்த செங்கல்வராயனின் அப்பா வேதாசலம் முதலியார், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். காலையில் எழுந்து, முட்டுக்காட்டுக்குத் தெற்கே இருந்த சவுக்குத் தோப்பில் மழை விழாத மைதானம் ஒன்று கட்டப்போவதாகச் சொன்னார். செங்கல் சூளையை விற்றார். லாரி லாரியாக இரும்பு வந்து இறங்கியபோது, முதலியார் கிடங்கு கட்டுகிறார், உப்பு வியாபாரம் போலிருக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பேருந்துகள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின.

முதலில் கைப்பந்து, பிறகு கபடி, பூப்பந்து. அப்புறம் பாட்டுக் கச்சேரிகள் வந்தன. கடல் பொங்கி வந்த வருஷம் மரத்தளத்தின்மேல் பாய் விரித்து மீனவக் குடும்பங்கள் படுத்திருந்தன. கொரோனாக் காலத்தில் அதே தளத்தில் நாற்காலி போட்டு ஊசி போட்டார்கள். என்ன நடந்தாலும் வேதாசலம் வைத்த ஒரு விதி மட்டும் மாறவில்லை. டிக்கெட் வாங்கியவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. புயலடித்த ஒரு நாளில் வெறும் முன்வரிசை ஆட்களுக்காக முழு ஆட்டமும் நடந்திருக்கிறது.

விதானம் வந்தது அவர் கடைசி காலத்தில். பேத்தி வசுமதியின் கல்யாணம் இங்கேதான் நடக்கவேண்டும் என்றார். மணமேடைக்கு மேலே கீற்றும் துணியும் போதும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். செங்கல்வராயன் கேட்கவில்லை. தேர் செய்கிற தச்சர்களை வரவழைத்து, முழுத் தேக்கில் தாமரை தாமரையாகச் செதுக்கவைத்து, இரும்புச் சட்டத்தில் முடுக்கிக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். தாலி ஏறிய கையோடு மைக்கை வாங்கி, கூடியிருந்த அத்தனை பேருக்கும் சொன்னார்: "என் பொண்ணு இந்தக் குடும்பத்துல வாழற வரைக்கும் இந்த விதானம் இறங்காது!"

கைதட்டல் கூரையை முட்டியது. சம்பந்தி ஹரிகிருஷ்ணன் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கருங்குழியில் அரிசி ஆலை வைத்திருக்கிற பெரிய குடும்பம்.

அதன்பிறகு விதானம் அவருடையதாக இருக்கவில்லை. ஊருடையதாகிவிட்டது. புதுசாகக் கல்யாணமானவர்கள் திருக்கழுக்குன்றத்தில் சாமி கும்பிட்டுவிட்டு, மாமல்லபுரம் வழியாகச் சென்னை திரும்பும்போது இறங்கி, அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அது தொங்குகிறவரை வேதாசலம் வீட்டுப் பெண் நன்றாக இருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

வசுமதி இந்த வருஷம் தை மாதமே ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மறைமலைநகர்ப் பிளாட்டில் மாப்பிள்ளை இரண்டு தடவை கை நீட்டியிருந்தான். மூன்றாவது தடவைக்கு அவள் அங்கே இல்லை. மனைவி பிரபாவதி அழுதுகொண்டே சொன்னதைச் செங்கல்வராயன் நின்றபடியே கேட்டார். மறுநாளிலிருந்து உறவுக்காரர்களிடம், "கல்பாக்கத்து ஆபீஸ் பஸ்ஸுக்கு இங்கேருந்து சௌகரியம், அதான் கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லத் தொடங்கினார். கருங்குழிக்காரர்களும் வாய் திறக்கவில்லை. இரண்டு வீடும் ஒரே பொய்யின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றன. யார் முதலில் விடுகிறாரோ, குற்றம் அவர் தலையில்.

இன்றைக்கு அந்தச் சம்பந்தியும் கச்சேரிக்கு வருகிறார். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காரப்போகிறார். அவர் வருவது பாட்டுக்கல்ல, அண்ணாந்து பார்க்கத்தான் என்று செங்கல்வராயனுக்குத் தோன்றியது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் விளக்குச் சட்டங்களை ஏற்றத் தொடங்கினார்கள். மேலே பாரம் தூக்கும் செயின் பிளாக் கடகடத்தது. "அண்ணாத்த, உன் பக்கம் கொஞ்சம் லேட்டா கீது, இழு இழு!" என்று யாரோ கத்தினார்கள். கரும்பெட்டிகளாக ஒலிபெருக்கிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அந்தரத்தில் எழுந்தன. செங்கல்வராயன் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். தாங்கும், அப்பா கட்டினது, தாங்கும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது கூரை ஒரு சத்தம் போட்டது.

பெரிய சத்தமில்லை. தூக்கத்தில் ஒரு ஆள் பல்லைக் கடிக்கிற மாதிரி. ஆனால் கீழே எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். விதானம் லேசாக நடுங்கியது. செதுக்கிய இதழ்களுக்கு நடுவிலிருந்து என்னவோ பொலபொலவென்று மரத்தளத்தில் சிந்தியது.

தாவீது போய்க் குனிந்து, விரலில் ஒற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வெளிறிப்போன மஞ்சள் அரிசி. கல்யாணத்தன்று வீசிய அட்சதை இத்தனை வருஷமாக அங்கேயே தங்கியிருந்திருக்கிறது.

ஷபானா மேடையிலிருந்து ஓடிவந்தாள். கையில் உயரம் அளக்கிற லேசர் கருவி. "எல்லாத்தையும் நிறுத்துங்க. யாரும் அடியில நிக்காதீங்க." பிறகு செங்கல்வராயனிடம் வந்தாள். "ஐயா, சட்டம் நான் போட்ட கணக்கைவிட ரொம்பத் தாழுது. அது நிஜமாவே ஒட்டுப்பலகைதானா?"

"சொன்னேனேம்மா."

"உங்களை நம்பித்தான் கேட்கிறேன். இன்னைக்குச் சாயந்திரம் இதுக்குக் கீழே அத்தனை ஜனம் நிக்கப்போகுது."

அவர் விதானத்தை அண்ணாந்து பார்த்தார். உண்மையைச் சொன்னால் விதானம் இறங்கும். இறங்கினால் வாசலில் வந்து நிற்கப்போகிற ஒவ்வொருவரும் செய்தியைக் கருங்குழிவரை கொண்டுபோவார்கள். நிகழ்ச்சியை நிறுத்திவிட்டால்? டிக்கெட்டோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய முதல் ஆள், வேதாசலத்தின் மகன். இரண்டில் எதைச் செய்தாலும் அப்பா முகத்தில் விழிக்க முடியாது. மூன்றாவதாக ஒரு வழி இருந்தது: பேசாமல் இருப்பது. தாங்கினாலும் தாங்கும்.

அந்த எண்ணம் வந்த வேகம் அவரையே பயமுறுத்தியது.

"ஒரு நிமிஷம்" என்று எழுந்து, வெளியே வீராங்கனைகள் உடை மாற்றும் அறைக்குப் பக்கத்துத் தாழ்வாரத்துக்குப் போனார். வசுமதி எதிரே வந்துகொண்டிருந்தாள். அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது.

"தாவீது அண்ணன் போன் பண்ணாரு," என்றாள். "ஒட்டுப்பலகைன்னு சொன்னீங்களாமே?"

"அவனுக்கு வாயில பூட்டு போடணும்."

"அப்பா, அதைச் செதுக்கும்போது பக்கத்துல நின்னு பார்த்தவ நான். ஒரு தாமரையைத் தூக்க நாலு ஆள் வந்தாங்க."

"உன் மாமனார் வர்றாரு இன்னைக்கு."

"வரட்டும்."

"வந்து மேலே பார்ப்பாரு. ஒண்ணும் இல்லேன்னா, நாம அறுத்துக்கிட்டோம்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. பழி நம்ம மேலே, உன் மேலே விழும்."

வசுமதி ஆபீஸ் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினாள். குரலை உயர்த்தவில்லை. "நானே கீழே இறங்கி வந்துட்டேன். அது மட்டும் யாருக்காக அங்கே தொங்குது?"

அவருக்குக் கோபம் வந்தது. தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"அது விழுந்து ஒருத்தர் செத்தா," என்றாள் அவள், "என் கல்யாண விதானம் விழுந்து செத்தாங்கன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பேரோட நான் எங்கேப்பா போவேன்?"

செங்கல்வராயன் திரும்பி அரங்கத்துக்குள் நடந்தார். மரத்தளத்தின்மேல் செருப்போடு கால் வைப்பதில்லை என்பது அவர் பழக்கம். விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேலையாட்கள் எல்லாரும் பார்க்க ஷபானாவின் முன்னால் போய் நின்றார்.

"அது முழுத் தேக்கு. நான் உங்கிட்ட சொன்னது பொய். இறக்கிடுங்க."

ஷபானா அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகம் சிவந்தது, அவ்வளவுதான். "நீங்க சொல்லலேன்னா ரெண்டு பாரத்தையும் சேர்த்து ஏத்தியிருப்பேன் ஐயா," என்று மட்டும் சொன்னாள். உடனே திரும்பி ஒலிபெருக்கிகளை இறக்க உத்தரவு போட்டாள். அவை தரைக்கு வந்தபின்தான் விதானத்தின் சங்கிலிகளில் கை வைத்தார்கள்.

அது அங்குலம் அங்குலமாக வந்தது. தாவீது நாலு மூலைக்கும் ஓடி ஓடிக் கத்தினார். "மச்சான், மெதுவா வுடுறா! உன் வூட்டு சாமானா இது?" தரையைத் தொட்டதும் போல்ட்டுகளைக் கழற்றித் தாமரைகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். பாரம் நீங்கியதும் ஷபானா மறுபடி லேசர் வைத்துப் பார்த்தாள். சட்டம் பழைய உயரத்துக்கே திரும்பியிருந்தது. இருந்தும் ஏணியில் ஏறி ஒவ்வொரு பற்றவைப்பையும் தட்டிப் பார்த்த பிறகே கருவிகளை மறுபடி ஏற்றச் சம்மதித்தாள்.

தேக்குப் பலகைகள் வெளியே போக ஒரே வழிதான் இருந்தது. முன்வாசல். அங்கே ஜனம் ஏற்கெனவே வரிசையில் நின்றது. ஒவ்வொரு தாமரையும் அவர்கள் முன்னால் தோளில் போயிற்று. கைபேசிகள் உயர்ந்தன.

"இது அந்த விதானம்ல? ஐயோ, எதுக்கு இறக்கிட்டாங்க?"

"பொண்ணு விஷயம் ஏதோ கீதுன்னு அப்பவே பேசிக்கினாங்கபா."

செங்கல்வராயன் வாசல் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். உள்ளே போய் ஒளிந்துகொள்ளவில்லை.

ஹரிகிருஷ்ணனின் வெள்ளைக் கார் வந்து நின்றபோது, கடைசிப் பலகை படி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் இறங்கி, பலகையையும் சம்பந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். வரிசையின் கைபேசிகள் அவர்கள் பக்கம் திரும்பின.

"என்ன சம்பந்தி," என்றார் ஹரிகிருஷ்ணன், எல்லார் காதிலும் விழும்படி. "மேடையில மைக் பிடிச்சுப் பேசின பேச்சு என்ன ஆச்சு?"

"அது என் வாய்க்கொழுப்பு," என்றார் செங்கல்வராயன். "வசுமதி இனிமே அங்கே வரமாட்டா. நாளைக்குப் பெரியவங்களோட கருங்குழிக்கு வந்து முறைப்படி சொல்றேன். ஏன்னு உங்க பையனைக் கேட்டு வையுங்க. இன்னைக்கு முன்வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கு. டிக்கெட் வாங்கினவங்களை நாங்க திருப்பி அனுப்பறதில்லை."

ஹரிகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றிலும் உயர்ந்திருந்த கைபேசிகளைப் பார்த்தார். திரும்பிக் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். கார் சாலையில் ஏறி மறையும்வரை செங்கல்வராயன் அசையவில்லை. பிறகு தாவீதிடம், "கதவைத் திற" என்றார்.

ஜனம் உள்ளே பாய்ந்தது. அறிவித்ததற்கு வெகுநேரம் பிந்தி விளக்குகள் அணைந்தன. முதல் தாளம் விழுந்ததும் மரத்தளம் அதிர்ந்தது. அந்த அதிர்வு உள்ளங்கால் வழியாக அவர் நெஞ்சுக்கு ஏறியது. அவர் பக்கவாட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். பல்லைக் கடிக்கிற அந்தச் சத்தம் மறுபடி கேட்குமா என்று காதைத் தீட்டினார். இரைச்சலில் எதுவும் பிரித்துக் கேட்கவில்லை. தூரத்தில் ஷபானாவும் அண்ணாந்துதான் நின்றிருந்தாள். வசுமதி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

சட்டைப்பையில் கைபேசி துடித்தது. மதுராந்தகத்து அத்தை மகன். எடுக்காமல் விட்டார். நின்று, உடனே மறுபடி துடித்தது. எடுத்தார்.

"என்னடா, விதானத்தை இறக்கிட்டதா வாட்ஸப்புல வருது? பொண்ணு உங்க வீட்டுலதான் கீதாமே? நிஜமா?"

"ஆமா," என்றார்.

"என்ன? ஒண்ணும் கேக்கல! சத்தமாச் சொல்லு!"

பாட்டு உச்சத்தில் இருந்தது. செங்கல்வராயன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"ஆமாண்டா! வந்துட்டா! எங்க வீட்டுலதான் இருக்கா!"

முன்னால் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.